காற்று யார் கையில்?

அன்புள்ள கயலுக்கு,

செவ்வாயில் குடியேற ஆள் எடுத்தால் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பேன் என்று எழுதியிருக்கிறாய். போகாதே என்று சித்தி சொல்லமாட்டேன். ஆனால் கையெழுத்துப் போடுமுன் ஒன்று கேள்: அங்கே காற்று யார் கையில் இருக்கும்?

அரிசோனாவில் 'பயோஸ்பியர் 2' என்ற கண்ணாடிக் கட்டடத்துக்குள் 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் போய்க் கதவை அடைத்துக்கொண்டார்கள். மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றுதீர்த்ததில், 21 சதவீதம் இருந்தது 14 சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. நீளமாக ஒரு வாக்கியம் பேசினால் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கவேண்டியிருந்தது. ராத்திரி தூக்கமும் போயிற்று. 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்றினார்கள். செவ்வாயில் அப்படி ஒரு 'வெளி' ஏது? காற்றுக் குழாயைத் திறந்து மூடுகிற முதலாளியிடம் சம்பளம் போதாது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

எடின்பரோ பல்கலைக்கழக விஞ்ஞானி சார்லஸ் காக்கெல் இந்த ஆபத்தைப் பற்றித்தான் எழுதிவருகிறார். காற்றுத் தயாரிப்பு ஒரே கையில் சேரக்கூடாது என்பதை நானும் முழுசாக ஏற்கிறேன்.

அதற்காகக் கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே கட்டடத்தில் 1994 ஏப்ரலில் இரண்டாவது குழு உள்ளே இருந்தபோது, புது நிர்வாகத்தை நம்பாத பழைய குழுவினர் இருவர் வந்து கதவுகளைத் திறந்து, கண்ணாடியையும் உடைத்தார்கள். உள்ளே இருப்பவர்களின் நன்மைக்காகத்தான் செய்தோம் என்றார்கள். அரிசோனாவில் அதனால் யாருக்கும் மூச்சு நிற்கவில்லை. செவ்வாயில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். கதவு விஷயத்தில் தனி ஆள் இஷ்டத்துக்கு இடமே கிடையாது, கயல். கதவுக்குப் போட்ட பூட்டை, பாதுகாப்பின் பேரைச் சொல்லி, வாய்க்கும் போட்டுவிடுவார்களே என்பதுதான் என் பயம்.

எந்த நாட்டையும் விட்டு வெளியேற எல்லோருக்கும் உரிமை உண்டு என்கிறது 1948-ஆம் வருஷத்து மனித உரிமைப் பிரகடனம். செவ்வாயிலிருந்து புறப்பட வாகான சமயமோ ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். 1967 விண்வெளி ஒப்பந்தம் தனியார் செய்வதற்கும் அவரவர் நாட்டையே பொறுப்பாக்குகிறது. ஆனால் திரும்ப நினைப்பவருக்குக் கலத்தில் இடம் தரவேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை. வேலையை விட்ட கையோடு கம்பெனி குவார்ட்டர்ஸையும் காலிசெய்யச் சொன்ன வழக்குகளை நடத்தியவள் நான். அங்கே காலிசெய்துவிட்டு எங்கே போவாய்?

திரும்பும் இருக்கை உன் பெயரில் இருக்கிறதா, வேலையை விட்டாலும் அது செல்லுமா, காற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று பார். ஒப்பந்த நகல் கைக்கு வந்ததும் முதலில் எனக்கு அனுப்பு. நான் படித்துச் சொல்கிறவரை கையெழுத்துப் போடாதே.

பிரியமுடன்,
சித்தி