பாம்பன் பாலம் அப்பாவுக்கு!

சென்னையிலிருந்து ஈ.சி.ஆர் வழியாக ராமேஸ்வரம். 'ஒரே நாள்ல போயிடலாம்' என்கிறார் அப்பா. போன வருஷம்தான் பைபாஸ் ஆபரேஷன் ஆனது. ஆனாலும் ஸ்டீயரிங்கை விடமாட்டார்.

வேளாங்கண்ணியில் ஒரு ராத்திரி தங்குவதாக நான் ப்ளான் போட்டிருக்கிறேன். மாதா கோயிலைப் பார்க்கணும் என்பது சாக்கு. உண்மைக் காரணத்தைச் சொன்னால் கோபம் வரும்.

தீவில் இரண்டு நாள். 22 தீர்த்தம் அம்மாவுக்கு. 1964 புயலில் மிஞ்சிய தனுஷ்கோடி சர்ச் சுவர் அப்பாவுக்கு. அங்கிருந்து அரிச்சல்முனை வரை தார் ரோடு உண்டு. ஆனால், சாயங்காலத்துக்கு மேல் வண்டியை விடமாட்டார்கள்; காலையிலேயே போய்விட வேண்டும்.

ரெண்டு பக்கமும் கடல் தெரிய, தீவுக்குள் நுழையும் பாம்பன் பாலம் சுமார் 2 கிலோமீட்டர். அதை மட்டும் அப்பா ஓட்டட்டும். மீதி தூரமெல்லாம் நான்தான். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.