மத்தேராவின் குகை வீடுகளும் நம்ம தோட்டத்துக் கோயிலும்



இத்தாலி போய் வந்தோம் என்றதும் கோயிலில் பலரும் கேட்டது, "வெனிஸ் பார்த்தீங்களா?" என்றுதான். இல்லை. நம்ம தொண்டர் குழுவிலிருந்து நாங்கள் நாலு பேர் போனது பசிலிக்காத்தா என்ற தென் மாநிலத்துக்கு. இத்தாலி வரைபடம் ஒரு பூட்ஸ் காலணி என்றால், அதன் பாத வளைவில் இருக்கிற ஊர்ப்பக்கம். பாரி நகரத்தில் இறங்கி, சின்ன ரயில் பிடித்து, சுமார் ஒன்றே முக்கால் மணி நேரம் போனால் மத்தேரா. அங்கே பார்த்ததை எழுதச் சொல்லி நிறைய பேர் கேட்டீங்க. அதான் இந்தப் பதிவு.

ஊர் ஒரு ஆழமான பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கு. மென்மையான சுண்ணாம்புக் கல். அதைக் குடைந்து குடைந்தே வீடு, தொழுவம், தேவாலயம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் செய்திருக்காங்க. இந்தக் குகைக் குடியிருப்புகளுக்கு ‘சாஸ்ஸி’ என்று பெயர். நாம் நடந்து போகிற பாதை இன்னொருத்தர் வீட்டுக் கூரையாக இருக்கும். பெரிய சதுக்கத்துக்கு அடியில் பாறையில் வெட்டிய ஒரு நீர்த்தேக்கத்தில் இறங்கிப் பார்த்தோம். ஏறக்குறைய 5 மில்லியன் லிட்டர் பிடிக்குமாம்.

பார்வைக்குத் திறந்து வைத்திருக்கும் ஒரு குகை வீட்டுக்குள் போனோம். ஒரே அறை. உயரமான ஒரு கட்டில், அதன் மெத்தைக்குள் சோளத் தோகை, கட்டிலுக்குக் கீழே கோழி. பின்பக்கம் கோவேறு கழுதை கட்டும் இடம். அலமாரி இழுப்பறையில்தான் கைக்குழந்தையைத் தூங்க வைப்பாங்களாம். எங்களோடு வந்த அக்கா லயத்து வீட்டில் பிறந்தவர். ரொம்ப நேரம் பேசாமல் நின்றவர், "தம்பி, எங்க வீட்டில கழுதைதான் இல்ல" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அந்த வாழ்க்கையை அழகாக்கிச் சொல்லக் கூடாது. 1935இல் முசோலினி அரசு இந்த மாநிலத்துக்கு நாடு கடத்தி வைத்த ஓவியரும் மருத்துவருமான கார்லோ லேவி, 1945இல் வந்த ‘கிறிஸ்து எபோலியோடு நின்றுவிட்டார்’ நூலில், மருத்துவரான தம் சகோதரி மத்தேராவில் கண்டதை எழுதியிருக்கிறார். மலேரியாவும் கண் நோயும் பிடித்த பிள்ளைகள், காசு கேட்காமல் கொயினா மருந்து கேட்டு அவர் பின்னால் ஓடியிருக்கிறார்கள். அரசியல்வாதிகள் இந்த இடத்தை ‘தேசிய அவமானம்’ என்றார்கள். 1952இல் சட்டம் போட்டு, சுமார் 15,000 பேரைப் படிப்படியாக மேலே கட்டிய புது வீடுகளுக்கு மாற்றினார்கள்.

புது வீட்டில் குழாய்த் தண்ணீர், கழிவறை, ஜன்னல் எல்லாம் கிடைத்தது. பிள்ளைகள் பிழைத்தார்கள். அது பெரிய புண்ணியம்தான். ஆனால் ஒன்று விட்டுப்போச்சு. பழைய சாஸ்ஸியில் சில வீடுகள் சேர்ந்து ஒரே முற்றத்தைப் பார்த்தபடி இருக்கும். அதற்கு ‘விச்சினாத்தோ’ என்று பெயர். அங்கேதான் துணி துவைப்பது, பிள்ளை பார்ப்பது, சண்டை, சமாதானம் எல்லாம். மாவு பிசைந்து பொது அடுப்புக்கு ரொட்டி அனுப்பும்போது, யார் வீட்டு ரொட்டி என்று தெரிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மர முத்திரை. லா மார்த்தெல்லா என்ற புதுக் கிராமத்தைக் கட்டினவங்க அந்த அக்கம்பக்கத்தையும் கூடவே கொண்டுபோகப் பார்த்தார்கள். வீடு கட்டுகிற மாதிரி அதைக் கட்டிவிட முடியுமா?

ஆள் போனபின் குகைகள் இடிய ஆரம்பித்தன. தேவாலயங்களும் அப்படித்தான். இந்த வட்டாரத்தில் பாறையில் குடைந்த தேவாலயங்கள் 150க்கு மேல். 1959இல் உள்ளூர் இளைஞர்கள் சிலர் ‘லா ஸ்காலெத்தா’ என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். பள்ளத்தாக்கில் இறங்கி, ஒவ்வொரு குகையாகப் போய், எங்கே என்ன ஓவியம் இருக்கு என்று எழுதி வைத்தார்கள். 1963இல் ஆடு அடைக்கிற ஒரு குகைக்குள் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழமையான சுவரோவியங்களைக் கண்டார்கள். இடையர்களுக்கு அந்த இடம் முன்பே தெரியும். நூறு புனிதர்களின் குகை என்றுதான் சொல்வாங்களாம். தெரிந்தவரைக் கேட்க ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அரசாங்கப் பணம் பிறகுதான் வந்தது. 1986இல் சீரமைப்புச் சட்டம், 1993இல் யுனெஸ்கோ அங்கீகாரம், 2019இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரம். அவமானம் என்று காலி செய்த குகையில் இன்றைக்குத் தங்க ஹோட்டல் வாடகை கட்டுறாங்க.

எங்கள் மனதில் நின்றது சாந்தா லூச்சியா குகைத் தேவாலயம். உள்ளே மரியாள் குழந்தைக்குப் பாலூட்டும் ஓவியம். ஒரு காலத்தில் இதன் இரண்டு பகுதிகள் குடியிருப்பாக மாறிவிட்டன. வலப்பக்கம் மட்டும் வழிபாட்டுக்கே இருந்தது. பக்கத்தில் அடுப்பு எரிந்தாலும் அங்கே விளக்கு நிற்கவில்லை. லூச்சியா கண்களுக்கான புனிதர். கண் நோய் வாட்டிய ஊரில் அதை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டார்கள் என்று நமக்குப் புரியும்.

(சைவக்காரர்களுக்கு: கோதுமை ரொட்டி, பருப்பு மசியல் மாதிரி அவரைக் கூழும் கீரையும், எண்ணெயில் பொரித்த இனிப்பு மிளகாய் வற்றல். நாலு நாளும் குறையில்லை.)

அன்பர்களே, நம்ம கோயிலும் தோட்டத்திலிருந்து வந்ததுதான். தோட்டம் துண்டாடப்பட்டு, சனங்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போனார்கள். சாமியைப் பத்திரமாகக் கொண்டு வந்தோம். ஆனால் முதல் கல்லை நட்டது யார், எந்த லயத்துக்கு எந்த நாள் உபயம், தீமிதிக்கு விறகு கொண்டு வந்தது எந்தக் குடும்பம்? இதெல்லாம் நாலைந்து தாத்தா பாட்டிகளின் நினைவில் மட்டும்தான் இருக்கு.

வரும் ஞாயிறு காலை பூஜைக்குப் பிறகு மண்டபத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காரப் போகிறோம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கூட்டி வாங்க. பழைய படம் இருந்தால் எடுத்து வாங்க, பார்த்துப் பதிவு செய்து அன்றைக்கே திருப்பித் தருகிறோம். நடக்க முடியாதவர் இருந்தால் சொல்லுங்க, நாங்களே வீட்டுக்கு வருகிறோம்.

அம்மன் துணை.