இரண்டாவது தட்டு

“உன் ஆப்பு என் பழைய ஸ்கூட்டர் மாதிரிடா. முதல் உதைக்கு அசைய மாட்டேங்குது. ரெண்டாவது உதைக்குத்தான் கிளம்புது.”

கும்பகோணத்திலிருந்து பெரியப்பா போனில் இப்படிச் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. போனை வைத்த பிறகு வயிற்றைக் கலக்கியது. அவருக்கு மட்டுமா அப்படி, எல்லோருக்குமா?

பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ‘ஆப்’ என்று நான் எத்தனை முறை சொன்னாலும் ஓர் உகரம் சேர்த்து ‘ஆப்பு’ என்றுதான் சொல்வார். தெரிந்தேதான் சொல்கிறார் என்று எனக்குச் சந்தேகம். அவருடைய நண்பர்கள் வட்டத்தில் ஈபப் வடிவ மின்புத்தகங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருவர் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்திலிருந்து இறக்கி அனுப்புவார், இன்னொருவர் கல்கியைப் பாகம் பாகமாக அனுப்புவார். வந்ததைத் தட்டினால் எதில் திறக்க என்று போன் கேட்கும். நானும் நண்பனும் எழுதிய வாசிப்பு ஆப் அந்தப் பட்டியலில் இருக்கும். அதைத் தட்டுவார். ஆப் திறக்கும், ஆனால் புத்தகம் வராது. பழைய அலமாரிதான் தெரியும். திரும்பப் போய் இன்னொரு தடவை தட்டினால் புத்தகம் சமர்த்தாக வந்து நிற்கும்.

என் மேஜையில் இது ஒருநாளும் நடந்ததில்லை. ஏனென்றால் என் போனில் அந்த ஆப் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் போனில் அது தூங்கிக்கொண்டிருக்கும்.

ஃப்ளட்டரில், அதன் டார்ட் மொழியில் எழுதியது அது. ஒருமுறை எழுதினால் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடும் என்பதற்காகத்தான் ஃப்ளட்டரையே எடுத்தோம். திரை, பட்டன், எழுத்துரு, பக்கம் புரட்டுவது எல்லாவற்றிலும் அந்த வாக்கு பலித்தது. வேறொரு ஆப்பிலிருந்து ஒரு ஃபைல் வாசலில் வந்து நிற்கும்போது மட்டும் பலிக்கவில்லை. அங்கே ஆண்ட்ராய்டுக்குக் கோட்லினில் கொஞ்சம், ஐபோனுக்கு ஸ்விஃப்டில் கொஞ்சம் என்று தனித்தனியாக எழுதி, டார்ட் பக்கத்துக்கு ஒரு சேனல் போட்டுத் தர வேண்டும். நான் போட்டது ஈவென்ட் சேனல். ஆப் தூங்கும்போது தட்டினால் முதலில் கோட்லின் பக்கம் விழிக்கிறது, வந்த இன்டென்ட்டை, அதாவது ‘இதைத் திற’ என்ற கோரிக்கையை வாங்குகிறது, உடனே சேனலில் தள்ளுகிறது. டார்ட் பக்கம் அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கிறது. கேட்க ஆள் இல்லாவிட்டால் பேசாமல் இரு என்று கோட்லினில் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டுச் சொல்லிவிடலாம். நான் போட்டிருந்தேன். ஆப் செத்து விழாமல் இருக்கட்டும் என்று முன்ஜாக்கிரதையாகப் போட்ட கேள்விக்குறி அது. பெரியப்பாவின் முதல் தட்டு முழுவதும் அதற்குள்ளேதான் போய் விழுந்துகொண்டிருந்தது. வந்ததைக் கையில் பிடித்து வைத்திரு, டார்ட் எழுந்து வந்து கேட்டதும் கொடு என்று மாற்றப் பத்து வரிகூட ஆகவில்லை.

சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அடுத்த வாரம் வேறொன்று சொன்னார். நேற்று இரவு படித்த புத்தகத்தைக் காலையில் ‘சமீபத்திய ஆப்கள்’ வழியாகத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறதாம். “ராத்திரி இருந்த அனுமதி விடிஞ்சா எங்கடா போச்சு?”

இதைப் புரியவைக்க எனக்குக் கோவில் வாசல் செருப்பு ஸ்டாண்டுதான் கைகொடுத்தது. அங்கே செருப்பைக் கொடுத்தால் ஒரு டோக்கன் தருவார்கள். எந்தத் தட்டில் செருப்பு இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, உள்ளே போய்த் தேடவும் விடமாட்டார்கள். டோக்கனை நீட்டினால் எடுத்துத் தருவார்கள். ராத்திரி ஸ்டாண்டை மூடிவிட்டுப் போன பிறகு டோக்கனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான் ஆண்ட்ராய்டுக்கு எழுதத் தொடங்கிய காலத்தில் ஒரு ஆப் இன்னொன்றுக்கு ஃபைலின் பாதையையே கொடுத்துவிடும். இந்த ஃபோல்டர், இந்தப் பெயர், போய் எடுத்துக்கொள் என்கிற மாதிரி. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதைக் குறிவைத்து எழுதிய ஆப் பாதையை வெளியே நீட்டினால் அந்த இடத்திலேயே எக்ஸெப்ஷன். அதன் பிறகு வருவதெல்லாம் கன்டென்ட் யூஆர்ஐ, அதாவது டோக்கன். பார்வைக்கு முகவரி மாதிரி இருக்கும், முகவரி அல்ல. அதிலிருந்து எப்படியாவது பாதையைக் கறந்துவிடலாம் என்று நாங்கள் ஒரு தலைமுறையே மல்லுக்கட்டியிருக்கிறோம். டார்ட்டின் ஃபைல் வகுப்போ பாதையை மட்டும்தான் நம்பும், டோக்கனை நீட்டினால் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று கைவிரித்துவிடும். டோக்கனோடு வரும் அனுமதியும், நம் திரை உயிரோடு இருக்கும்வரைதான். ‘சமீபத்திய ஆப்கள்’ வழியாக வந்தால் ஆண்ட்ராய்டு நேற்றைய இன்டென்ட்டையே மறுபடி கொண்டுவந்து நீட்டும், ஸ்டாண்டோ மூடியாகிவிட்டது. வந்த கணத்திலேயே முழு ஃபைலையும் நம் வீட்டுக்குள் நகல் எடுத்து வைத்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஐபோன் வேறு மாதிரி மனுஷர். நாம் விட்டுவிட்டால் அவரே ஒரு நகலை எடுத்து, ‘இன்பாக்ஸ்’ என்ற ஃபோல்டரில் போட்டுவிட்டுப் போவார். படிக்கலாம், அழிக்கலாம், அதன் மேல் எழுதக் கூடாது. கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா, போனில் இடமே இல்லை, உன் ஆப்தான் பிடித்து வைத்திருக்கிறது என்றபோதுதான் அதைத் திறந்து பார்த்தேன். ஒரே சமையல் புத்தகம் பெயருக்குப் பின்னால் 1, 2, 3 என்று வரிசையாக உட்கார்ந்திருந்தது. அவள் சாம்பார் பொடிக்கு ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்புக்குப் போய்த்தான் திறந்திருக்கிறாள்.

ஃபைலின் வகை விஷயத்தில் யாரையும் நம்ப முடியாது. ஈபப்புக்கு என்று முறையான மைம் வகை இருக்கிறது. ஆனால் ஒரு மெயில் ஆப் எதையும் பொத்தாம்பொதுவாக ‘ஏதோ பைட்டுகள்’ என்றே அனுப்பிவைத்தது. வேறு சில ஆப்கள் டோக்கனில் ஃபைல் பெயரையே காட்டுவதில்லை, வெறும் எண்தான். கடைசியில் ஃபைலையே பிரித்துப் பார்ப்பதுதான் நிம்மதி. ஈபப் என்பது ஒரு ஜிப். முதல் இரண்டு எழுத்து பீ, கே. ஜிப்பை உருவாக்கிய ஃபில் கேட்ஸ் தன் இனிஷியலை அங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். வேர்ட் ஃபைலும் ஜிப்தான், அதிலும் அதே பீ, கே. ஆனால் முறையான ஈபப்பில் முதல் உருப்படியாக, சுருக்கப்படாமல், தன் மைம் வகையைத் தானே எழுதி வைத்திருக்கும். அந்த வரியைப் படித்துவிட்டால் மெயில் ஆப் என்ன சொன்னால் என்ன?

பெரியப்பாவின் நண்பர்கள் ஃபைலுக்குப் பெயர் வைக்கும் விதம் தனிக் கதை. ஆசிரியர், நூல், பாகம், பாகத்தின் பெயர், ‘நண்பர்களுக்குப் பகிரவும்’ வரை எல்லாம் அதிலேயே இருக்கும். ஆண்ட்ராய்டில் ஒரு பெயருக்கு 255 பைட் இடம். ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் என்பதால் 85தான் தேறும். ‘பொ’ என்பதே இரண்டு குறியீடு. நகல் எடுக்கும்போது பெயர் நீளம் என்று அடம்பிடித்ததால் வெட்டிச் சேமித்தேன். ‘தியாகச் சிகரம்’ புள்ளி போய் ‘தியாகச் சிகரம’ என்று அலமாரியில் நின்றது. ஆசிரியர் விடுவாரா? “மெய்யெழுத்தை உயிர்மெய்யாக்கிட்டியே, எந்த இலக்கணத்துல படிச்சே?”

இன்னொரு நாள், அலமாரியில் கண்ணெதிரே இருக்கும் ‘பொன்னியின் செல்வன்’ தேடினால் கிடைக்கவில்லை என்றார். அந்த ஃபைல் ஒரு மேக்கிலிருந்து வந்தது. பழைய மேக் கம்ப்யூட்டர்களின் ஃபைல் அமைப்பு பெயரைப் பிரித்து வைக்கும். அங்கே ‘பொ’வில் கொம்பு தனி, கால் தனி. பெரியப்பா விசைப்பலகையில் தட்டும் ‘பொ’வில் இரண்டும் ஒட்டிய ஒரே குறி. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. தேடுவதற்கு முன் இரண்டையும் யூனிகோட் முறைப்படி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். பெயரை ஃபைலுக்கு வைப்பதையும் விட்டுவிட்டேன். நாங்களே ஓர் எண் போட்டுச் சேமிக்கிறோம், அனுப்பியவர் வைத்த பெயர் முழுசாக டேட்டாபேஸில் இருக்கிறது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. பெயர் என்று அனுப்புபவர் தருவதில் இரண்டு புள்ளியும் சாய்கோடும் சேர்த்து, நம் ஃபோல்டரைத் தாண்டி வேறெங்கோ எழுத வைக்கும் திருட்டு வேலை ஒன்று இருக்கிறது. 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் ‘டர்ட்டி ஸ்ட்ரீம்’ என்று பெயர் வைத்து எச்சரித்தது அதைத்தான்.

எல்லாம் முடித்துப் புது வெர்ஷன் அனுப்பிய பிறகு பெரியப்பாவைக் கூப்பிட்டேன்.

“இப்போ முதல் தட்டுலேயே திறக்குதா பெரியப்பா?”

“பேஷா திறக்குது. ஆனா அலமாரியில எல்லாம் ஜோடி ஜோடியா நிக்குதுடா.”

“நீங்க ரெண்டு தடவை தட்டறீங்களா?”

“கை பழகிடுச்சே. ஒரு தட்டு, திரும்பப் போய் இன்னொரு தட்டு.”

ஷா-256 போட்டு உள்ளடக்கத்தை ஒப்பிட்டால் இரண்டாவதைத் தடுத்துவிடலாம். அரை நாள் வேலை. அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

“அது பாட்டுக்கு இருக்கட்டும், ஒண்ணை உன் பெரியம்மாவுக்குன்னு வெச்சுருக்கேன்” என்றார்.