ஞானப்பல்

தவணைப் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் இடப்பக்கக் கீழ்க் கடைவாயில் அது முளைக்கத் தொடங்கியது. நான் யாரிடமும் சொல்லவில்லை. குசினியில் இருந்த கராம்பை எடுத்துக் கடித்துக்கொண்டே உயிரியல் படித்தேன். வலி போனது; நானும் மறந்துவிட்டேன்.

இரண்டு மாதத்தில் அது திரும்பவும் வந்தது. கன்னம் வீங்கி, வாயைத் திறக்கவே முடியவில்லை. "மகள், ஏன் சோத்தப் பிசைஞ்சிக்கிட்டே இருக்கீங்க?" என்று உம்மா கேட்டதும் அழுதுவிட்டேன்.

பல் வைத்தியர் எக்ஸ்றே படத்தைக் காட்டினார். ஞானப்பல் பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் முளைக்குமாம். என்னுடையது சரிந்து பக்கத்துப் பல்லில் முட்டிக்கொண்டிருந்தது. அதைப் பாதி மூடியிருந்த முரசுக்குக் கீழே சாப்பாடு அடைந்து கிருமி தொற்றியதால்தான் வீக்கம்.

"நாலையும் ஒரேயடியாக் கழட்டிடுங்க டொக்டர்" என்றார் உம்மா.

வைத்தியர் மறுத்தார். நோயில்லாத ஞானப்பல்லைச் சும்மா பிடுங்கத் தேவையில்லை. இங்கிலாந்தின் சுகாதார சேவையிலும் 2000ஆம் ஆண்டு முதல் அதுவே வழிகாட்டல் என்றார். ஆனால் தொற்று இரண்டாம் தடவையும் வந்தால், அல்லது பக்கத்துப் பல் பழுதடையத் தொடங்கினால் அகற்றுவதே நல்லது. எனக்கு இன்னும் வேர் முழுதாக வளரவில்லை. வளர்ந்துவிட்டால் கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பை அது நெருங்கக்கூடும்.

"உயர்தரப் பரீட்சை முடியட்டுமே டொக்டர்" என்றேன்.

உம்மா என் கையைப் பிடித்தார். "நானும் இப்பிடித்தான் மகள். உங்க தம்பி பொறக்கட்டும், வீட்டு வேல முடியட்டும் என்டு இருந்து, பக்கத்துப் பல்லும் சேந்து போச்சு."

உம்மா எப்போதும் வலப்பக்கமாகவே சாப்பிடுவார். அது அவரது பழக்கம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

மருந்து குடித்து வீக்கம் வற்றியதும், தவணை விடுமுறையின் முதல் நாளில் அந்தப் பல்லை மட்டும் எடுத்தார்கள். விறைப்பு ஊசி போட்டதால் அழுத்தம்தான் தெரிந்தது, வலிக்கவில்லை. மூன்று நாள் ஆறிய கஞ்சி. காயத்தில் உறைந்த இரத்தம் கழன்றுவிடும் என்பதால் ஸ்ட்ரோ வைத்து உறிஞ்சக் கூடாது. நான்காம் நாள் புத்தகத்தைத் திறந்தேன்.

மற்ற மூன்றும் அப்படியே இருக்கின்றன. இடையிடையே காட்டிக்கொண்டால் போதுமாம்.

வலியை மறைப்பதைத்தான் நான் பொறுமை என்று எண்ணியிருந்தேன். உங்களில் யாராவது ஒரு பக்கமாகவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் இன்றைக்கே உம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அப்படியே உம்மா எந்தப் பக்கமாகச் சாப்பிடுகிறார் என்றும் கொஞ்சம் பாருங்கள்.