தூண்டில் படாத ஆறு
(வடதுருவச் சாலையில் – 6)

கராஷோக்கைத் தாண்டியதும் ஈ6 நெடுஞ்சாலை ஆற்றோடு சேர்ந்துகொண்டு வடகிழக்கே போகிறது. இந்தக் கரை நார்வே, அந்தக் கரை பின்லாந்து. நார்வேக்காரர்களுக்கு இது டானா, பின்லாந்துக்காரர்களுக்கு டெனோ. இரண்டு நாடுகளுக்கும் நடுவே எல்லைக்கோடு விழுவதற்கு முன்பிருந்தே இங்கே மீன் பிடித்துவரும் சாமி பழங்குடியினருக்கு டெயட்னு. ஐரோப்பாவின் பெரிய சால்மன் ஆறுகளில் ஒன்று. 2024 ஆகஸ்ட் மாதம். கோடை கொஞ்சம் மிச்சமிருக்கிறது, கொசு நிறையவே மிச்சமிருக்கிறது. சால்மனுக்காக வீசிய தூண்டில் மட்டும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

ஊருக்கு ஊர் படகுகள் கரையேறிக் கவிழ்ந்து கிடக்கின்றன. நீளமான, ஒடுக்கமான ஆற்றுப் படகுகள். ஒருவர் துடுப்புப் போட, இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து தூண்டில்களை நீரோட்டத்தில் இழையவிடுவது இங்கத்திய முறை. 2021 கோடையில் இரண்டு அரசுகளும் சேர்ந்து இந்த ஆற்றில் சால்மன் பிடிப்பதை அடியோடு நிறுத்தின. பணம் கட்டி வரும் வெளியூர்த் தூண்டில்காரர், வீட்டுக்கு மீன் பிடிக்கும் உள்ளூர் வலைக்காரர் என்ற வேறுபாடு பார்க்கவில்லை. ஆறு போய்க் கலக்கும் டானா ஃபியோர்டிலும் தடை. இது நான்காவது கோடை.

இந்த ஆற்றின் பழைய பெருமையைத் தெரிந்துகொண்டால்தான் இந்தத் தடையின் கனம் புரியும். 1928-இல் ஹென்ரிக் ஹென்ரிக்சன் என்பவர் இங்கே தூண்டில் போட்டுப் பிடித்த சால்மன் ஏறத்தாழ 36 கிலோ. அட்லாண்டிக் சால்மனில் உலக சாதனையாக இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். 1970-களின் நல்ல ஆண்டுகளில் இருகரைக்காரர்களும் சேர்ந்து 250 டன்வரை பிடித்திருக்கிறார்கள். கோடை வந்தால் பின்லாந்தின் தென்பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வண்டி கட்டிக்கொண்டு உத்ஸ்யோகிக்கும் நூர்காமுக்கும் வருவார்கள். விடுதி, படகு வாடகை, வழிகாட்டிக் கூலி, பெட்ரோல் பங்க், பலசரக்குக் கடை எல்லாம் அந்த ஒரு மீனை நம்பியிருந்தன.

நதிக்கரையில் ஒரு படகுக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். எழுபதைத் தாண்டிய சாமி மனிதர். “எத்தனை மீன் வந்தது என்று கேமராவும் சோனாரும் வைத்து எண்ணுகிறார்கள். நல்லதுதான். வலையைக் காயப்போட்டவன் வீட்டில் என்ன சாப்பிடுகிறான் என்று யாரும் எண்ணவில்லை” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பலமுறை சொல்லிப் பழகிய குரல்.

அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. எண்ணுகிறவர்கள் பக்கமும் இருக்கிறது. சால்மன் சிற்றோடையின் கூழாங்கற்களுக்கு நடுவே பிறக்கிறது. டானாவில் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் நன்னீரிலேயே வளர்ந்து, பிறகு கடலுக்குப் போகிறது. ஓராண்டோ நான்காண்டோ கடலில் தின்று கொழுத்தபின் தான் பிறந்த ஓடையைத் தேடித் திரும்பி வருகிறது. அதனால் டானா என்ற ஒற்றைப் பெயருக்குள் மரபணுவால் வேறுபட்ட 30 சால்மன் கூட்டங்கள் வாழ்கின்றன. ஒரு கிளையாற்றில் மீன் நிறைந்திருக்கும்போதே இன்னொன்று காலியாகிக்கொண்டிருக்கலாம். காலியானதை நிறைந்தது வந்து நிரப்பாது. கராஷோக்கா, இயேஷோக்கா போன்ற தலையாறுகளின் நிலைதான் மிக மோசம். அங்கே போகவேண்டிய மீன் முகத்துவாரம் தொடங்கி இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஒவ்வொரு வலையையும் ஒவ்வொரு தூண்டிலையும் தப்பி ஏறவேண்டும். வயிற்றில் அதிக முட்டையைச் சுமந்துவரும் பெரிய பெண் மீன் என்று ஒன்று இருக்குமானால் அது இங்கே போகிற மீன்தான். எல்லோரும் விரும்பிப் பிடித்ததும் அதைத்தான்.

பல பத்தாண்டுகளாக அளவுக்கு மீறிப் பிடித்தது ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதோடு, சில ஆண்டுகளாகக் கடலிலிருந்து திரும்பி வரும் மீனே குறைந்துவிட்டது. கடலுக்குள் என்ன நடக்கிறது என்பதில்தான் வாதம். கடல் சூடேறியதால் இரை மாறிவிட்டது என்பது ஒரு தரப்பு. மீன்குஞ்சு தின்னும் வாத்துகளையும் கடல்நாய்களையும் காட்டுகிறது உள்ளூர்த் தரப்பு.

தெற்கு நார்வேயில் குற்றவாளியைக் கைகாட்டுவது எளிது. அந்த நாட்டில் ஆண்டுக்கு 15 லட்சம் டன் அளவில் பண்ணைச் சால்மன் வளர்க்கிறார்கள். கூண்டுகளில் பெருகும் கடல்பேன் கடலுக்குப் புறப்பட்ட காட்டுக் குஞ்சுகளில் ஒட்டிக்கொள்கிறது. கூண்டைக் கிழித்துத் தப்பும் பண்ணை மீன் ஆற்றில் ஏறிக் காட்டு மீனோடு கலந்து மரபணுவைக் கெடுக்கிறது. 1980-களில் நார்வேக் கரைக்கு ஆண்டுதோறும் 10 லட்சம் காட்டுச் சால்மன் திரும்பியது. இப்போது அதில் பாதிகூட இல்லை. இந்த ஜூன் மாதம் சுற்றுச்சூழல் முகமை ஒரே அறிவிப்பில் 33 ஆறுகளை மூடியது. கௌலா, ஓர்க்லா போன்ற பெயர்பெற்ற ஆறுகளும் அதில் அடக்கம். ஆண்டுக்கணக்கில் முன்பதிவு செய்து வந்திறங்கியவர்கள் தூண்டில் பெட்டியைத் திறக்காமலே திரும்ப நேர்ந்தது.

டானா ஃபியோர்டோ, அரசு சால்மனுக்கென்று ஒதுக்கிய ஃபியோர்டுகளில் ஒன்று. அங்கே பண்ணைக் கூண்டு கிடையாது. “பண்ணைதான் எல்லாவற்றுக்கும் காரணம்” என்று தெற்கே கேட்டுவந்த வாசகம் இங்கே செல்லவில்லை. அதே சமயம் டானா ப்ரூ ஊர்க் கடையின் குளிர்பெட்டியில் பண்ணைச் சால்மன் துண்டுகள் பாக்கெட் போட்டு அடுக்கியிருக்கின்றன. ஆற்றங்கரை ஊரில் ஆற்று மீனுக்குத் தடை, கூண்டு மீனுக்கு விலைச்சீட்டு.

தடைக்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது. இந்த ஆற்றைப் பங்கிட்டுக்கொள்ள இரு கரைகளும் 1873-இலேயே உடன்படிக்கை போட்டவை. 2017-இல் வந்த புதிய ஒப்பந்தம், பிடிக்கும் அளவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கப் பார்த்தது. மரபு வழியான வலைமீன்பிடிப்புக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. பின்லாந்துக் கரையில் கோடைக்குடில் வைத்திருக்கும் வெளியூர்க்காரர்களுக்கோ உரிமை கூடியது என்று சாமி மக்கள் கொதித்தார்கள். அந்த ஜூலையில் சிலர் ஆற்றின் நடுவிலுள்ள சேஅரெட்சுவோலு தீவில் கூடாரம் அடித்து, “எல்லோஸ் டெயட்னு” என்ற பெயரில், புதிய விதிகள் இங்கே செல்லாது, வருகிறவர்கள் இந்தப் பகுதிச் சாமி குடும்பங்களிடம்தான் அனுமதி கேட்கவேண்டும் என்று அறிவித்தார்கள். உத்ஸ்யோகியின் கிளையாற்றில் அனுமதிச்சீட்டு இல்லாமல் மீன் பிடித்த சாமி மக்கள் மீது வழக்குப் பாய்ந்தது. 2022 ஏப்ரலில் பின்லாந்து உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. தங்கள் ஆற்றில் மீன் பிடிப்பது அரசியல் சட்டம் காக்கும் அவர்களது பண்பாட்டு உரிமை என்பது தீர்ப்பின் சாரம். தீர்ப்பு வந்தபோது பிடிப்பதற்குத்தான் ஆறு திறந்திருக்கவில்லை.

நார்வேக் கரையில் உரிமையின் கணக்கு இன்னும் விசித்திரம். 1888-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த விதிப்படி, டானாவில் வலை போடும் உரிமை நிலத்தோடும் வைக்கோலோடும் கட்டப்பட்டது. ஆண்டுக்கு 2,000 கிலோ வைக்கோல் அறுக்கும் குடும்பத்துக்கே வலை உரிமை. மாடு வளர்ப்பை விட்டவன் மீனையும் விடவேண்டும். இப்படி ஒரு சட்டத்தை எழுதியவருக்கு ஆற்றையும் புல்வெளியையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லையா, பிரிக்கக்கூடாது என்று தெரிந்திருந்ததா? எனக்குப் பிந்தியதுதான் என்று தோன்றுகிறது.

முந்தைய இதழில் சொன்ன ஆல்டா ஆற்றை இதோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்துப் பிரபுக்கள் ஆற்றைக் குத்தகை எடுத்து விளையாடினார்கள். 1926-இல் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு ஒரே இரவில் 33 சால்மன் பிடித்ததை இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். இன்று அந்த விளையாட்டுக்காரர்களின் வாரிசுகள், பிடித்த மீனைக் கொக்கி கழற்றி நீரில் விட்டுவிடுவதே நாகரிகம் என்கிறார்கள். ஸ்காட்லாந்தில் தூண்டிலில் சிக்கும் சால்மனில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இப்படி விடப்படுகிறது. குளிர்ந்த நீரில் கவனமாகக் கையாண்டால் பெரும்பாலானவை பிழைக்கும். நீர் சூடேறினால் பிழைப்பது குறையும். டானாவில் இந்தப் பேச்சை எடுத்தால் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். சோற்றோடு விளையாடுவதா என்பது அவர்கள் கேள்வி. ஆற்றை மூடியது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. கராஷோக்காவின் நிலைமை அப்படி. ஆனால் விளையாட்டுக்குப் பிடிப்பவரையும் உணவுக்குப் பிடிப்பவரையும் ஒரே தராசில் நிறுத்தியது சரியாகப் படவில்லை. பனி உருகியதும் படகிலிருந்து மிதக்கவிடும் வலை, ஆற்றின் குறுக்கே மரக்கழி நட்டுக் கட்டும் மீன்பட்டி, இவற்றைப் பிள்ளைகள் தகப்பனோடு ஆற்றில் இறங்கித்தான் கற்கவேண்டும். நான்கு கோடைகளாக அந்தப் பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கிறது.

அதே நான்கு கோடைகளில் அழையா விருந்தாளி ஒன்று ஆற்றை நிறைக்கிறது. பசிபிக் பெருங்கடலின் இளஞ்சிவப்புச் சால்மன். 1956-இலிருந்து சோவியத் ஒன்றியம் அதன் முட்டைகளைக் கோலா தீபகற்பப் பக்கம் கொண்டுவந்து பொரித்து விட்டது. இரண்டே ஆண்டு ஆயுள் கொண்ட அந்த மீன் ஒற்றைப்படை ஆண்டுகளில் படையெடுக்கிறது. 2021-இல் டானாவில் ஏறியவை மட்டும் ஏறத்தாழ 50,000 என்று மதிப்பிடுகிறார்கள். ஊர் மீன் அந்த ஆண்டு அதில் பாதிகூட இல்லை. முட்டையிட்டபின் அத்தனையும் செத்து ஆற்றோரம் அழுகுகின்றன. கடலிலிருந்து வந்த கையோடு பிடித்தால் நல்ல சதை. ஆற்றில் நாள் கடந்தால் சதை வெளுத்து, ஆண் மீனுக்கு முதுகில் கூன் விழுந்துவிடும்.

வாட்சோவில் எங்களுக்கு இடம் தந்தவர் 1980-களின் இறுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மீன் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். பின்மார்க்கின் கடலோர ஊர்களில் அப்படி வந்து கத்தி பிடித்த தமிழர்கள் பலர். பிற்பாடு பலரும் ஒஸ்லோவுக்குப் பெயர்ந்துவிட்டார்கள், இவர் பெயரவில்லை. பக்கத்து வெஸ்ட்ரே யாக்கோப்செல்வ் ஆற்றில் தன்னார்வலர்கள் பொறிக்கூண்டு வைத்து, ஊர் மீனை மேலே ஏறவிட்டு, இளஞ்சிவப்பு மீனை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். போன கோடையில் அங்கே வேலை செய்யும் நண்பர் இவருக்கும் பெட்டி பெட்டியாகக் கொடுத்தாராம்.

“வெள்ளைக்காரர் இதைச் சாப்பிட யோசிக்கினம் தம்பி. புளியும் தூளும் போட்டு வைச்சால் அந்த மாதிரி இருக்கும்” என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து, “சொதிக்குச் சரிவராது, கரையும்” என்று திருத்தினார். அடுத்த ஆண்டு ஒற்றைப்படை ஆண்டு. இப்போதே இரண்டாவது ஆழ்உறைப் பெட்டிக்கு விலை விசாரித்து வைத்திருக்கிறார்.

(தொடரும்)