காலால் அளந்த கண்டி

எமது கல்லூரியிற் பயின்று கடல் கடந்தோர் பலர், தாம் கண்ட அந்நிய நகரங்களைப் பற்றி இத்தகைய மலர்களில் எழுதியுள்ளனர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இலண்டனில் வாழ்ந்தவனாயினும், நான் எழுதப் புகுவது கண்டியைப் பற்றியே. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பலருக்குக் கண்டி புவியியற் புத்தகத்தில் மட்டும் உள்ள நகரம். எனக்கும் அறுபத்தெட்டு வயது வரை அவ்வாறே இருந்தது. இலண்டனில் மொழி தெரியும். நகரப் படமும் சட்டைப்பையில் இருக்கும். சென்ற ஆண்டு ஒரு நாட் காலை கண்டிப் புகையிரத நிலையத்தில் இறங்கியபோது இவ்விரண்டும் என்னிடம் இல்லை. சிங்களத்தில் பத்துச் சொற்கள் தெரியும்; அவற்றுள் ஆறு உணவின் பெயர்கள்.

நான் காண வந்தது நகரையன்று, என் வகுப்புத் தோழன் ஒருவனை. சோனகத் தெருவிலிருந்து நாள்தோறும் சைக்கிளில் நம் கல்லூரிக்கு வந்தவன். 1974இல் என்னுடன் ஒரே வாங்கிலிருந்து படித்தவன். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது, அவன் குடும்பமும் புறப்பட்டது. அதன் பின் அவனைப் பற்றி நான் ஒன்றும் கேள்வியுறவில்லை. அவன் மடவளையில் இருக்கிறான் என்பதை மற்றொரு பழைய மாணவர் வாயிலாகவே அறிந்தேன். “கண்டியில் பஸ் எடுத்தால் அரை மணித்தியாலம், மச்சான்” என்று தொலைபேசியிற் சொன்னான். முப்பத்து நான்கு ஆண்டுகளின் பின் ஒருவன் முகத்தைப் பார்க்கப் போகிறவனுக்கு அரை மணி போதாது என எனக்குத் தோன்றியது. நடந்தே போவதென்று துணிந்தேன்.

முதலில் நகரைச் சுற்றினேன். பஸ் நிலையத்தருகே நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம், 1947இல் வீதி விபத்தில் இறந்த மகனுக்காகத் தந்தை ஒருவர் எழுப்பியது. அதனைக் கடந்து தலதா வீதி வழியே சென்றால் வாவி. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் தொடங்கி, வயல்வெளியை வாவியாக்கினான். கரையிலே முகில்போல் வளைந்து செல்லும் வெண்சுவரில் முக்கோண மாடங்கள் நிரைநிரையாக உள்ளன. கண்ணுசாமி என்னும் பிள்ளைப்பெயர் கொண்ட அவ்வரசன் 1815இல் பிடிபட்டான். மறு ஆண்டு வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கேயே 1832இல் இறந்தான். தான் வெட்டிய வாவியை மீண்டும் காண அவனுக்கு வாய்க்கவில்லை. சுவரில் சாய்ந்து நான் நெடுநேரம் நின்றேன். வெயில் ஏறத் தொடங்கிற்று.

கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,600 அடி உயரத்தில் இருக்கும் ஊர் இது. யாழ்ப்பாணத்துக் காலுக்கு ஏற்றம் என்பது குளக்கட்டில் ஏறுவதே. இங்கோ, ஒரு கடையிலிருந்து மறு கடைக்குப் போவதற்கும் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. பதினொரு மணிக்கு முன்னரே என் முழங்கால் முறையிட்டது.

நகரிலிருந்து வடக்கே செல்லும் வீதியைப் பிடித்தேன். இங்கே இதனைக் கட்டுகஸ்தோட்டை வீதி என்பர். ஆயின் இதுவே ஏ-9. நாம் ‘கண்டி வீதி’ என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த அந்த வீதியின் மறு முனை. விலகாமற் போனால் 321 கிலோமீட்டரில் யாழ்ப்பாணம். போர்க்காலத்தில் நெடுநாள் மூடுண்டு, 2002இல் திறந்து, 2006இல் மீண்டும் மூடுண்டு, 2009இல் போர் முடிந்த பின்பே வழிவிட்ட வீதி. மகியாவையைக் கடக்கையில் தமிழ்க் குரல்கள் கேட்டன. நகரசபையின் துப்புரவுப் பணிக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழிவந்தவர்கள் நெருக்கமான சிறு வீடுகளில் அங்கு வாழ்கின்றனர். குழாயடியில் நின்ற மூதாட்டி ஒருவர், “வெயில்ல எங்கய்யா நடந்து போறீங்க?” என்று கேட்டுத் தண்ணீர் தந்தார்.

கட்டுகஸ்தோட்டையில் மகாவலிப் பாலத்தைக் கடந்து, ஏ-9ஐ விட்டு வலப்புறம் திரும்பினேன். அங்கிருந்து மடவளைக்கு எத்தனை கட்டை என்று வழியில் நால்வரைக் கேட்டிருப்பேன். நால்வரும் சிரித்த முகத்துடன் “தவ டிக்கய்” என்றனர். இன்னும் கொஞ்சந்தான் என்பது பொருள். பழைய கண்டி நாட்டார் தொலைவை ‘ஹூவ’ என்று கணக்கிட்டனராம். ஒருவன் கூவும் ஓசை எட்டும் தூரம் அது. நம்மவர் சொல்லும் கூப்பிடு தூரமும் அதுவன்றோ! மலைநாட்டார் குரலின் வலிமையை அன்று என் பாதங்கள் நன்குணர்ந்தன.

பொல்கொல்லையில் ஆற்றை மறித்து 1976இல் முடித்த அணையைக் கண்டேன். மகாவலியின் நீரில் ஒரு பகுதியை அங்கு மடக்கி, ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர் நீளமான சுரங்கத்தால் மலையைத் துளைத்து, உக்குவளை மின்நிலையத்துக்கு அனுப்புகின்றனர். மின்சாரம் தந்த நீர் பின்னர் அம்பன் கங்கை வழியே வடக்கு நோக்கி வறண்ட நிலத்து வயல்களுக்குப் போகிறது. யாழ்ப்பாணம் வரை அது வந்ததில்லை. எங்கள் மாணவப் பருவத்தில் இதனை வைத்து அனல் பறக்க விவாதித்தோம். அணையை அன்று பார்த்தவர் எங்களுள் எவருமிலர்.

பெயர்ப்பலகைகளில் தமிழ் மிகுந்தது. அஸர் தொழுகைக்கான பாங்கொலி எழுந்தபோது மடவளைக் கடைத்தெருவை அடைந்தேன். காலை வந்திருக்க வேண்டியவனுக்காக அவன் அங்கேயே நின்றிருந்தான். தாடி முழுதும் நரைத்திருந்தது. “நடந்தோடா வந்தனீ?” என்றான். சோனகத் தெருவின் பேச்சு ஓர் எழுத்தும் மாறவில்லை. வழி நெடுகச் சேர்த்துவந்த சொற்களில் ஒன்றுகூட எனக்கு வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் வெந்நீரில் உப்பிட்டு என் கால்களை வைக்கச் செய்தான். புட்டும் கத்தரிக்காய்க் கறியும் வந்தன. நான் மரக்கறி உண்பவன் என்பதை அவன் மறக்கவில்லை. “புதுச் சட்டியில்தான் ஆக்கினது, பயப்படாமல் சாப்பிடு” என்றான். பின்பு ஆசிரியர்களை ஒருவர்பின் ஒருவராக விசாரித்தான். பெரும்பாலாருக்கு நான் கூறக்கூடிய விடை ஒன்றே. வண்ணார்பண்ணையிற் பிறந்து, நம் கல்லூரியிற் பயின்று, 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரி அதிபராக விளங்கிய ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. “அஸீஸ் படித்த பள்ளிக்கூடம் என்றுதான் வாப்பா என்னை அங்கே சேர்த்தவர்” என்றான். வாப்பா மடவளையில் அடக்கமாகியிருக்கிறார்.

புறப்படுமுன், பழைய மாணவர் பெயர்ப்பட்டியலுக்காக அவனது முகவரியைக் கேட்டேன். குறிப்புப் புத்தகத்தைத் தானே வாங்கி, மடவளை முகவரியை எழுதினான். பேனாவைத் திருப்பித் தரவில்லை. அதற்கு மேலிருந்த சிறிய இடைவெளியில் சோனகத் தெரு வீட்டின் இலக்கத்தையும் எழுதினான்.

“இரண்டையும் போடச் சொல்லு.”

“கடிதம் எதற்கு அனுப்புகிறது?”

“கடிதம் இங்கே வரட்டும். அது பட்டியலில் இருக்கட்டும்.”

ஆறு மணி பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டான். அவன் எழுதிய தாளை அப்படியே பட்டியற் குழுவினரிடம் சேர்ப்பித்துள்ளேன்.