வெளியே போகணும் அய்யா

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. வயிற்றுச் சங்கதி. முகம் சுளிக்காமல் கடைசி வரை படியுங்கள்.

பணி ஓய்வுக்கு நான்கு வருடம் முன்பு அந்தத் தொந்தரவு தொடங்கியது. காலையிலேயே நான்கு முறை கழிப்பறை. வயிறு உப்பும், இழுத்துப் பிடிக்கும், போய் வந்தால் கொஞ்சம் தணியும். தேர்வுப் பணி, அதிகாரி ஆய்வு என்றால் இரண்டு மடங்கு. பேருந்தில் ஏறவே பயம். உங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு நான் வராததற்குப் பலர் வருத்தப்பட்டீர்கள். காரணம் இதுதான். வெளியே சொல்ல வெட்கம்.

ஐம்பது வயதுக்கு மேல் ஆரம்பித்ததால் ரத்தப் பரிசோதனை, கொலோனோஸ்கோபி எல்லாம் செய்தார்கள். எதிலும் கோளாறு இல்லை. "ஐ.பி.எஸ். சார். புற்றுநோயும் இல்லை, உங்கள் கற்பனையும் இல்லை" என்றார் மருத்துவர். குடல் சுவரிலேயே ஒரு நரம்பு வலை இருக்கிறதாம். அதுவும் மூளையும் ஓயாமல் பேசிக்கொள்கின்றன. உடலின் செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது. அந்தப் பேச்சு தடுமாறினால் சாதாரண வாயுகூட வலியாகத் தெரியும். மனதில் பயம் வந்தால் குடல் முறுக்கும். முப்பது வருடம் செரிமான மண்டலத்தைப் படம் போட்டு நடத்தியவன், அன்றைக்குத்தான் பாடம் கேட்டேன்.

"நான் சுத்த சைவம் ஆயிற்றே டாக்டர்?" என்றேன். சிரித்தார். சைவத்திலும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாதவை உண்டு. வெங்காயம், பூண்டு, கோதுமையில் ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து இருக்கிறது. பருப்பு, கொண்டைக்கடலையிலும் அதன் உறவுக்காரர் ஒருவர் உண்டு. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிரிகளால் புளித்து வாயுவாகும். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த 'லோ ஃபாட்மேப்' முறைப்படி இவற்றைச் சில வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆயுள் முழுக்க நிறுத்தக் கூடாது. குடலின் நல்ல நுண்ணுயிரிகளுக்கும் அதுதான் சாப்பாடு.

டீச்சரம்மா நோட்டுப் போட்டு எழுதினார். ஆறு வாரம் கழித்து வில்லன் பிடிபட்டது: நான் உயிரையே வைத்திருந்த சின்ன வெங்காய சாம்பாரும் பூண்டு ரசமும்! இட்லி, கேரட், வெண்டைக்காய், கேழ்வரகு எல்லாம் ஒத்துக்கொண்டன. பருப்பு ஒரு கரண்டி வரை பரவாயில்லை. கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேக வைக்கிறோம். பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளிக்கிறோம். ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. வாசனை மட்டும் வரும். இசப்கோலும் காலை நடையும் உதவின. முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் பேருந்தில் ஏறுகிறேன்.

இனி, இந்தப் பதிவை எழுத வைத்த விஷயம். போன மாதம் பழைய மாணவர் சந்திப்பில் ஒருவனிடம் என் வயிற்றுக் கதையைச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே, "எனக்கும் அதேதான் அய்யா, ஒன்பதாவதிலேயே" என்றான். சட்டென்று நினைவு வந்தது. மதிய உணவுக்குப் பின் தினமும் "அய்யா, வெளியே போகணும்" என்று எழுந்து நிற்பான். "பாடம்னாலே உனக்கு வயிறு கலக்குமோ?" என்று கேட்டு, வகுப்பே சிரிக்க, உட்கார வைத்திருக்கிறேன்.

"அந்த வருஷம் மத்தியானம் சாப்பிடுறதையே விட்டுட்டேன் அய்யா" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். அதுதான் தாங்கவில்லை.

தம்பி, இதைப் படிப்பாய் என்று தெரியும். அன்று நேரில் வாய் வரவில்லை. என்னை மன்னித்துவிடு.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்களே, பிள்ளை எழுந்து நின்றால் காரணம் கேட்காதீர்கள், அனுப்புங்கள். உங்களில் யாருக்காவது இந்தத் தொந்தரவு இருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் போங்கள். மலத்தில் ரத்தம், காரணமின்றி எடை குறைவு, ரத்தசோகை இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். என் பட்டியலைப் பார்த்து நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம். அவரவர் வயிறு வேறு.

அன்புடன்,
உங்கள் அறிவியல் அய்யா